இசையிலிருந்து வணிகத்துக்கும் அரசியலுக்கும்: கன்யே வெஸ்ட் எங்கே தடுமாறினார்?

நெய்தல்நாடன் எழுதியது:

அமெரிக்கப் பாடகர் கன்யே வெஸ்ட் பற்றித் தமிழில் பேச்செழும்போதெல்லாம் அது அவருடைய மணவாழ்க்கையிலோ 2022இல் அவர் பேசிய வெறுப்புப் பேச்சிலோ போய் முடிந்துவிடுகிறது. ஒரு ராப் பாடகர் இசையில் சேர்த்த பெயரை முதலாக வைத்துக் காலணி வணிகத்தில் இறங்கி, அங்கிருந்து நாட்டின் அதிபர் தேர்தல் வரை போன அந்தப் பாதையைப் பொறுமையாக யாரும் பேசுவதில்லை. அதைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1977இல் அட்லாண்டாவில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். தாயார் டோண்டா வெஸ்ட், சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். மகனோ கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இசைக்கு வந்தவர். ராப் பாடகராக அறியப்படும் முன்பே பிறருக்கு இசையமைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியிருந்தார்; 2001இல் ராப் பாடகர் ஜே-இசட் வெளியிட்ட புகழ்பெற்ற ஆல்பத்தில் அவர் பங்கு பெரியது. ஆனாலும், இவர் பாடவும் வல்லவர் என்று ஜே-இசட்டின் இசை நிறுவனமே நம்புவதற்கு நெடுநாள் பிடித்தது. இசையமைப்பாளரின் அறையிலிருந்து ஒலிவாங்கியின் முன்னால் வருவதற்கு அவர் போராட வேண்டியிருந்தது. 2002 அக்டோபரில் கார் விபத்தில் தாடை உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்த நிலையிலேயே ஒரு பாடலைப் பதிவு செய்தார். முதல் ஆல்பம் 2004 பிப்ரவரியில் வந்தது.

'உன்னால் இது முடியாது' என்று மற்றவர்கள் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் அவர்களைப் பொய்யாக்கிக் காட்டியவர் என்பதால், அடுத்த கதவும் தமக்குத் திறக்கும் என்ற நம்பிக்கை அவருக்குள் ஊறிப்போனது. காலணி வணிகத்தில் அந்த நம்பிக்கை பலித்தது; தேர்தலில் பலிக்கவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு துறைகளுக்கும் அவர் கொண்டுபோன மூலதனம் அவருடைய பெயர் ஒன்றுதான். வணிகத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் தொழிற்சாலையும் கிடங்கும் கடையும் வைத்திருந்த வேறொருவர் நின்றார். அரசியலில் அப்படி ஒருவரும் நிற்கவில்லை.

கணக்காயர் எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. வணிகப் பகுதியை நான் விரித்துச் சொல்கிறேன். அவருடைய பிற்காலக் கோபங்களில் பாதி இங்கேதான் வேர்விட்டது.

அவர் முதலில் சேர்ந்தது விளையாட்டுக் காலணி நிறுவனமான நைக்கியுடன். 2009இல் அவர் பெயரில் முதல் காலணி வந்தது. 2012இல் இரண்டாவது வந்தது. விளையாட்டு வீரர் அல்லாத ஒருவருக்கு அந்த நிறுவனம் அப்படியொரு தனிக் காலணி செய்தது அன்று பெரிய செய்தி. ஆனால் விற்பனையில் பங்காக ராயல்டி வேண்டும் என்று அவர் கேட்டதும் பேச்சு முறிந்தது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் பெயரால் அந்த நிறுவனம் எவ்வளவு சம்பாதித்தது, ஜோர்டனுக்கு அதில் எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விளையாட்டு வீரனுக்கு உண்டு, பாடகனுக்கு இல்லை என்ற பதில் அவரை வெளியேற்றியது. 2013 இறுதியில் நைக்கியின் போட்டி நிறுவனமான அடிடாஸுடன் கைகோத்தார்.

நான் இங்கே சுட்டிக்காட்ட விரும்புவது ஒரு சிறு நிகழ்ச்சியை. அவர் நைக்கியை விட்டு வெளியேறிய பிறகு, 2014 பிப்ரவரியில், அவருடைய இரண்டாவது காலணியின் சிவப்பு நிறப் பதிப்பை நைக்கி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு ட்வீட்டோடு விற்பனைக்கு விட்டது. சில நிமிடங்களில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. ஆள் போய்விட்டார்; பொருள் நிறுவனத்திடம் இருந்தது; வாங்குவோர் அவர் பெயருக்காகவே வாங்கினர். எட்டு ஆண்டுகள் கழித்து அடிடாஸிலும் இதே கதை பல மடங்கு பெரிதாக நடந்தது. 2022 அக்டோபர் 25 அன்று உறவை முறித்துக்கொண்ட அறிவிப்பிலேயே, ஏற்கெனவே வெளிவந்த காலணிகளின் வடிவமைப்பு உரிமை முழுவதும் தனக்கே உரியது என்று அடிடாஸ் எழுதியிருந்தது. அந்தக் காலணிகள் விற்ற 'யீசி' என்ற வணிகப் பெயர் அவருடையது. காலணியின் வடிவம் அவருடையது அன்று. கையிருப்பில் தேங்கிக் கிடந்த காலணிகளை என்ன செய்வது என்று சில மாதங்கள் யோசித்த நிறுவனம், 2023 மே மாதத்திலிருந்து அவற்றைத் தவணை தவணையாக விற்று, வருவாயில் ஒரு பகுதியை யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்புகளுக்குக் கொடுத்தது.

2016 பிப்ரவரியில் தமக்கு 5.3 கோடி டாலர் கடன் இருப்பதாக அவரே அறிவித்தார். 2020 ஏப்ரலில் ஃபோர்ப்ஸ் அவருடைய சொத்தை 130 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அடிடாஸ் விலகிய அன்றே அதே இதழ் அதை 40 கோடியாகக் குறைத்தது. நான்கே ஆண்டுகளில் ஒருவரைக் கடனிலிருந்து கோடீசுவரராக்கி, ஒரே நாளில் பாதிக்கு மேல் கரையச் செய்யும் செல்வம் என்றால், அதன் சாவி யாரிடம் இருந்தது என்பதைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் கண்டுகொள்வர்.

யாழினி எழுதியது:

கணக்காயர் அவர்களே, தங்கள் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பவர், ஒரு கலைஞரிடமிருந்து பெரிய நிறுவனம் உரிமையைப் பறித்துக்கொண்டது என்ற எண்ணத்தோடு எழுந்து போய்விடக்கூடும். அந்த முறிவு எப்படி நேர்ந்தது என்பதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

2022 அக்டோபர் தொடக்கத்தில் பாரிஸ் ஆடை அணிவகுப்பில், கறுப்பின மக்களின் உயிருரிமைப் போராட்டத்தைத் திரித்து வெள்ளை இனவாதிகள் பயன்படுத்தும் வாசகம் பொறித்த சட்டையை அணிந்து வந்தார். அடுத்த சில நாட்களிலேயே யூதர்கள்மீது தாக்குதல் தொடுக்கப்போவதாக ட்விட்டரில் எழுதினார். டிசம்பரில் ஒரு நேர்காணலில் ஹிட்லரைப் புகழ்ந்தார். இவை வாய்தவறி வந்த சொற்கள் என்று எப்படிக் கொள்வது? வாரக்கணக்கில், ஒவ்வொரு மேடையிலும், கேட்பவர் திருத்திக்கொள்ள வாய்ப்பளித்தபோதும் மீண்டும் மீண்டும் சொன்னவை. தமக்கு இருமுனையச் சீர்கேடு (மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய்) இருப்பதாக அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதை மதித்தே பேசுகிறேன். ஆனால் அதே நோயோடு வாழ்கிற எத்தனையோ பேர் எந்த இனத்தின்மீதும் வெறுப்பை உமிழாமல் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடிடாஸ் உடனே விலகிவிடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். முதலில் உறவை மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லி ஏறக்குறைய மூன்று வாரம் காத்திருந்தது. அந்த ஆண்டின் நிகர வருவாயில் 25 கோடி யூரோ வரை பாதிப்பு வரும் என்று கணக்கிட்ட பிறகே முடிவை அறிவித்தது. ஆகவே நிறுவனத்தை நான் மெச்சவில்லை. இந்தக் கதையில் இழப்பைக் கணக்கிடும்போது, சாலையில் நடந்து போகும் யூதக் குடும்பத்தின் அச்சத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

நெய்தல்நாடன் எழுதியது:

யாழினி அம்மையார் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் இழையின் பொருளுக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று ஒன்று சொல்ல வேண்டும். 2005 செப்டம்பரில், கத்ரீனா புயல் நிவாரணத்துக்கான தொலைக்காட்சி நேரலையில், எழுதிக் கொடுத்ததை ஒதுக்கிவிட்டு, அதிபர் புஷ்ஷுக்குக் கறுப்பின மக்கள்மீது அக்கறை இல்லை என்று அவர் சொன்னார். நியூ ஆர்லியன்ஸ் கூரைகளில் மக்கள் உதவிக்குக் காத்துக் கிடந்த நாட்கள் அவை. அன்று அந்தச் சொல் ஓர் இனத்தின் வேதனையைச் சுமந்தது. எழுதிக் கொடுத்ததை மீறிப் பேசுவதே உண்மை பேசுவது என்ற பாடத்தை அவர் அன்று கற்றுக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் மீறுவது மட்டும் மிஞ்சியது. யாருக்காக மீறுகிறோம் என்பது போய்விட்டது.

மேற்குச்சாரல் எழுதியது:

தேர்தல் பகுதியை யாரும் இன்னும் தொடவில்லை. நான் பல ஆண்டுகளாக அமெரிக்கத் தேர்தல் நடைமுறைகளைப் படித்துவருபவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2015 ஆகஸ்டில் எம்டிவி விருது விழா மேடையிலேயே 2020இல் அதிபர் தேர்தலில் நிற்பேன் என்று அறிவித்தார். ஐந்தாண்டுகள் கையில் இருந்தன. அந்த ஐந்தாண்டுகளில் அவர் செய்த அரசியல் என்ன? 2016 டிசம்பரில் டிரம்ப்பை அவருடைய கோபுரத்தில் சென்று பார்த்தார்; 2018 அக்டோபரில் வெள்ளை மாளிகையில் டிரம்ப் ஆதரவாளர்களின் சிவப்புத் தொப்பியோடு அமர்ந்து நெடுநேரம் பேசினார். கட்சி கட்டவில்லை, மாநிலந்தோறும் ஆள் சேர்க்கவில்லை. 2020 ஜூலை 4 அன்று, தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கும்போது, ட்விட்டரில் ஓர் அறிவிப்பு. அன்றைக்கே டெக்சாஸ், வட கரோலினா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களில் சுயேச்சைகளுக்கான காலக்கெடு முடிந்து போயிருந்தது.

நம் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் என்பது ஒரே தேர்தல் அன்று. ஒவ்வொரு மாநிலமும் தன் வாக்குச்சீட்டில் யார் பெயர் வரலாம் என்பதைத் தானே முடிவு செய்கிறது. பெரிய கட்சிகளின் வேட்பாளர்களுக்கு அந்த இடம் தானாகக் கிடைக்கும். சுயேச்சையோ, பெரும்பாலான மாநிலங்களில் பதிவு பெற்ற வாக்காளர்களின் கையெழுத்தை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஓக்லஹோமா போன்ற சில மாநிலங்களில் கையெழுத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அங்கே 35,000 டாலர் கட்டி இடம் பெற்றார். தென் கரோலினாவில் 10,000 கையெழுத்து வேண்டும். ஜூலை 20 கடைசி நாள். ஜூலை 19 அன்று அந்த மாநிலத்தின் நார்த் சார்லஸ்டனில் தம் முதல் கூட்டத்தை நடத்தினார். குண்டு துளைக்காத உடையோடு, ஒலிபெருக்கிகூட ஒழுங்காக இல்லாத அரங்கில், அழுதும் கத்தியும் பேசினார். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. மறுநாள் கையெழுத்துப் படிவங்கள் மாநில அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

விஸ்கான்சினில் நடந்தது இன்னும் துல்லியமான காட்சி. ஆகஸ்ட் 4 மாலை 5 மணிக்குள் படிவங்கள் வந்து சேர வேண்டும். அவருடைய ஆட்கள் ஐந்து மணி கடந்து சில விநாடிகளில் தேர்தல் அலுவலகத்துக்குள் நுழைந்தனர். '5 மணிக்குப் பிந்தாமல்' என்றால் 5 மணி 1 நிமிடம் ஆகும்வரை செல்லும் என்று அவருடைய வழக்கறிஞர்கள் வாதாடினர். தேர்தல் ஆணையம் 5க்கு 1 என்ற கணக்கில் மறுத்தது. நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உள்ளூரில் நான்கு தொண்டர்கள் உண்மையாகவே இருந்திருந்தால் முந்தின நாளே அந்தக் கட்டுகள் அலுவலக மேசையில் இருந்திருக்கும். கூலிக்குக் கையெழுத்து வாங்குவோரையே நம்பிய பிரசாரம் கடைசி நிமிடத்தில் ஓடித்தான் ஆக வேண்டும். பல மாநிலங்களில் அவரை வாக்குச்சீட்டில் ஏற்றுவதற்குக் குடியரசுக் கட்சிக்கு வேண்டப்பட்டவர்கள் உழைத்தார்கள் என்ற செய்தியும் அப்போதே வந்தது. கறுப்பின வாக்குகளை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பைடனிடமிருந்து பிரிக்கவே இந்த ஏற்பாடு என்ற ஐயம் அதனால் எழுந்தது.

கடைசியில் 12 மாநிலங்களின் வாக்குச்சீட்டில் மட்டுமே அவர் பெயர் வந்தது. அதிபரை முடிவு செய்வது மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கப்பட்ட தேர்வாளர் வாக்குகள்; அந்தப் பன்னிரண்டு மாநிலங்களையும் கூட்டினால் அவை 84. வெற்றிக்குத் தேவையானவை 270. அத்தனை மாநிலங்களிலும் அவரே வென்றிருந்தாலும் அதிபராகியிருக்க முடியாது. கிடைத்த வாக்குகள் சுமார் 70,000. அவருடைய ஒரு காலணி வெளியாகும் காலையில் இதைவிட அதிகம் பேர் வரிசையில் காத்திருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

செம்பருதி எழுதியது:

இவ்வளவு நேரம் ஓர் அமெரிக்கரின் தோல்வியையே பேசுகிறோம். இசைக்கலைஞர் அரசியலுக்கு வந்தாலே இப்படித்தான் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக உகாண்டாவின் பாபி வைன் பற்றிச் சொல்கிறேன். அவர் பாடுவது பெரும்பாலும் ஜமைக்கா இசைவகைகளான டான்ஸ்ஹாலும் ரெகேயும்தான். ராப் பாடகர் என்று அவரை ஒரே பெட்டியில் அடைக்க முடியாது. ஆனால் இந்த இழை கேட்கும் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை.

கம்பாலாவின் கம்வோக்யா என்ற குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். மக்கரேரே பல்கலைக்கழகத்தில் இசையும் நாடகமும் படித்தவர். இயற்பெயர் ராபர்ட் கியாகுலானி. குடிசை மக்களின் அதிபர் என்ற பட்டப்பெயரை நெடுங்காலம் பாட்டிலேயே சுமந்தார். 2017இல் கியாடோண்டோ கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று, வீடு வீடாக நடந்து, 25,659 வாக்குகள் பெற்று ஆளுங்கட்சி வேட்பாளரைத் தொலைவில் தள்ளி வென்றார். முதல் அடி ஒரு தொகுதி. அதிபர் பதவிக்கு 75 வயது வரம்பை நீக்கும் சட்டத்தை எதிர்த்தார். 2018இல் சமூக ஊடகம் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி விதித்தபோது தெருவில் இறங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அருவா நகரில் அவருடைய ஓட்டுநர் யாசின் கவுமா சுட்டுக் கொல்லப்பட்டார். பாபி வைன் கைது செய்யப்பட்டு, தாக்கப்பட்டு, ஊன்றுகோலோடு நீதிமன்றத்துக்கு வந்தார்.

வணிகம் இங்கே எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். விக்டோரியா ஏரிக்கரையில் புசபாலா என்ற இடத்தில் அவருக்கு 'ஒன் லவ் பீச்' என்ற கடற்கரைப் பூங்கா போன்ற ஓர் அரங்கம் இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பாடகருக்கு வருமானம் மேடை நிகழ்ச்சியிலிருந்துதான் வருகிறது. அந்த நிகழ்ச்சிக்குக் காவல்துறையின் அனுமதி வேண்டும். எம்.பி. ஆன பிறகு அந்த அனுமதி தொடர்ந்து மறுக்கப்பட்டது. 2019 ஈஸ்டர் திங்கள் அன்று அவருடைய சொந்த இடத்திலேயே நடக்கவிருந்த நிகழ்ச்சியைக் காவல்துறை சூழ்ந்துகொண்டு தடுத்து, அவரையும் பிடித்துச் சென்றது. சொந்த நிலம், சொந்த அரங்கம், சொந்தப் பாட்டு; ஆனாலும் வாயிற்கதவைத் திறக்கும் உரிமை அரசிடம். கன்யேயின் செல்வத்துக்குச் சாவி ஒரு நிறுவனத்திடம் இருந்தது என்று கணக்காயர் சொன்னார். பாபி வைனின் பிழைப்புக்குச் சாவி ஆட்சியிடம் இருந்தது. அது தெரிந்தே அவர் அந்த ஆட்சியை எதிர்த்தார்.

2021 ஜனவரியில் அதிபர் தேர்தலில், பதவியில் இருந்த முசெவேனியை எதிர்த்து நின்றபோது அதிகாரபூர்வக் கணக்குப்படியே சுமார் 35 விழுக்காடு வாக்குகள் பெற்றார். இணையம் முடக்கப்பட்டது, தேர்தல் முடிந்ததும் வீட்டைச் சுற்றிப் படை நின்றது. அதற்கு முந்தைய நவம்பரில் அவர் கைதானபோது எழுந்த போராட்டத்தில் 50க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த முடிவு நேர்மையானதா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. ஆனால் அவருடைய கட்சி நாடாளுமன்றத்தில் முதன்மை எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது என்பதில் கேள்வி இல்லை. அந்த உறுப்பினர்களைப் பாட்டு மட்டும் அனுப்பிவைக்கவில்லை. தெருத்தெருவாக அவருடைய இயக்கத்தின் சிவப்புத் தொப்பி அணிந்து நின்ற இளைஞர்கள் அனுப்பிவைத்தார்கள்.

கணக்காயர் எழுதியது:

செம்பருதி, அருமையான ஒப்பீடு. நான் ஜே-இசட்டையும் சுருக்கமாகச் சேர்க்கிறேன். 2004 இறுதியில் டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் தலைவராகச் சேர்ந்தபோதே தம் மூலப் பதிவுகளின் (பாடல்களின் முதன்மை ஒலிப்பதிவுகளின்) உரிமை தம்மிடம் திரும்பி வரும்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். 2007இல் தம் ஆடை பிராண்டின் உரிமையை 20.4 கோடி டாலருக்கு விற்றார். விற்கத்தக்க பொருள் அவர் கையில் இருந்ததால் விற்க முடிந்தது. அரசியலில் ஒபாமாவுக்கு வாக்குக் கேட்டு மேடை ஏறினார். தாமே வேட்பாளராக நிற்கவில்லை. கன்யே அவரருகே இருந்து வளர்ந்தவர். ஆனாலும் முதலில் உரிமையைப் பத்திரமாக எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பேசும் அந்த நிதானம் அவருக்கு வரவில்லை.

யாழினி எழுதியது:

நேபாளத்தின் பாலேன் ஷாவையும் நினைத்துக்கொள்ளலாம். ராப் போட்டிகளில் பெயர் பெற்றவர், கட்டமைப்புப் பொறியாளர், மேற்படிப்பைப் பெங்களூரில் முடித்தவர். 2022 மே மாதம் காத்மாண்டு மேயர் தேர்தலில் கைத்தடிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 61,767 வாக்குகள் பெற்று இரண்டு பெரிய கட்சிகளையும் தோற்கடித்தார். குப்பை, நடைபாதை, நதியை மூடிக் கட்டிய கட்டடங்கள் என்று நகரவாசி தினமும் இடறி விழும் பிரச்சினைகளையே பேசினார். தெருவோர வணிகர்களை அவர் நிர்வாகம் நடத்திய முறையில் எனக்குக் கடுமையான குறைகள் உண்டு. இருந்தாலும், எதைச் செய்வதற்காக வாக்குக் கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கன்யேயிடம் 2020இல் அப்படி ஒரு பொருள் இருந்ததா என்று மேற்குச்சாரல் சொன்னால் நன்று.

மேற்குச்சாரல் எழுதியது:

இருந்தது, அம்மா. அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி.

2020 செப்டம்பரில், பிரசாரத்தின் நடுவிலேயே, யுனிவர்சல் இசை நிறுவனத்தோடு தாம் போட்ட ஒப்பந்தங்களின் பக்கங்களை ஒவ்வொன்றாக ட்விட்டரில் வெளியிட்டார். ஒரு பாடகர் ஆல்பம் செய்ய முன்பணம் வாங்குகிறார். விற்பனையில் வரும் அவர் பங்கிலிருந்தே அந்தப் பணம் கழிக்கப்படுகிறது. கடன் தீர்ந்த பிறகும் மூலப் பதிவு நிறுவனத்துக்கே சொந்தமாக இருக்கிறது. வங்கிக் கடனைக் கட்டி முடித்தாலும் வீட்டுப் பத்திரம் வங்கியிடமே இருப்பது போன்ற ஏற்பாடு இது. பத்தொன்பது இருபது வயதில் வழக்கறிஞர் துணையின்றிக் கையெழுத்திடும் எத்தனையோ கறுப்பின இளைஞர்களின் வாழ்க்கை இந்த விதியில் சிக்கியிருக்கிறது. தம் நிறுவனத்தில் இருக்கும் கலைஞர்களுக்கு மூலப் பதிவுகளில் தமக்குள்ள பங்கைத் திருப்பித் தருவதாகவும் அப்போது அறிவித்தார். ஒப்பந்தச் சட்டத்தை மாற்றுவது, முன்பணத்துக்கு உச்சவரம்புக் காலம் வைப்பது, இளம் கலைஞருக்குக் கட்டாயச் சட்ட உதவி என்று இதை ஒரு கொள்கையாக வளர்த்திருந்தால் கலிபோர்னியா, நியூயார்க், டென்னசி சட்டமன்றங்களில் அதைக் காதுகொடுத்துக் கேட்கும் உறுப்பினர்கள் கிடைத்திருப்பார்கள். அதற்கு அதிபர் வேட்பாளராக நிற்கவே தேவை இல்லை.

அந்தப் பக்கங்களை வெளியிட்ட அதே நாட்களில் வேறு பத்து விஷயங்களையும் எழுதினார். ஒன்று மற்றொன்றை மூடியது. தேர்தல் நாளான நவம்பர் 3 அன்று வயோமிங் மாநிலத்தில், வாக்குச்சீட்டில் இல்லாத தம் பெயரைத் தாமே எழுதி வாக்களித்தார். ஒப்பந்தப் பக்கங்கள் பல நாட்கள் இணையத்தில் சுற்றிவந்தன. அவற்றைப் பதிவிறக்கிப் படித்த இளம் இசைக்கலைஞர்கள் சிலர் தங்கள் ஒப்பந்தத்தில் அதே விதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்த்திருந்தால், அவருடைய அரசியலில் உருப்படியாக நடந்தது அது ஒன்றாகத்தான் இருக்கும். நம் இழையைப் படிக்கும் சுயாதீன இசைக்கலைஞர்கள் யாராவது இருந்தால், தாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மூலப் பதிவு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விதி மட்டும் போதும்.